ஆறு வருடமாக அதே மதர்போர்டு

எனக்குக் கோத்தகிரியில் கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் வேலை. 2019இல் புது கம்ப்யூட்டருக்காகக் கோவை காந்திபுரத்துக்கு இறங்கினேன். கடைத் தம்பி எக்ஸ்470 என்ற விலை கூடிய மதர்போர்டை எடுத்து நீட்டி, "பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லைங்கண்ணா" என்றார். நான் 8,500 ரூபாய்க்கு ஒரு பி450 போர்டும், தனியாக ரைசன் 5 2600 பிராசசரும் எடுத்தேன். மிச்சப் பணம் எஸ்எஸ்டிக்குப் போனது. அந்தப் போர்டில்தான் இன்றும் வேலை நடக்கிறது.

ரைசன் பிராசசரைத் தயாரிக்கும் ஏஎம்டி பக்கம் போனதற்குக் காரணம் பழைய சூடு. அதற்கு முன் என்னிடம் இருந்தது இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசர். 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது. போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயர் அதே 1151தான், ஆனால் ஏழாம் தலைமுறைக்கு வந்த 200 வரிசை போர்டுகளில் அது ஓடாது என்றுவிட்டார்கள். அதனால் இந்த முறை 'இந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் எத்தனை தலைமுறை வரும்' என்ற ஒரு கேள்வியோடுதான் கடைக்குள் நுழைந்தேன். என் பி450 போர்டின் ஏஎம்4 சாக்கெட் அதில் ஏமாற்றவில்லை. 2020 மே மாதம் மட்டும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. பின்னர் ரைசன் 5000 என்று வந்த வரிசை பி450இல் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் இறங்கி வந்தார்கள்.

2023 டிசம்பரில் ரைசன் 7 5700எக்ஸ் வாங்கினேன். ஆறு கோரிலிருந்து எட்டுக் கோர். இரண்டுமே 65 வாட் பிராசசர் என்பதால் போர்டின் மின்சாரப் பகுதிக்குக் கூடுதல் சுமை இல்லை. கணக்கெல்லாம் சரிதான், கைதான் சொதப்பியது.

இரவெல்லாம் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர், காலை ஏழு மணிக் குளிர். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் நாலு திருகையும் கழற்றிவிட்டு நேராக இழுத்தேன். உள்ளே, சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் கோந்து மாதிரி இறுகியிருக்கிறது. சாக்கெட்டின் பூட்டு பூட்டியபடியே இருக்க, பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு 'டக்' என்று வெளியே வந்துவிட்டது. அடியில் இருக்கும் 1331 பின்களில் ஒரு ஓரத்தில் ஏழெட்டு சாய்ந்துவிட்டன. பழையதுதானே, போகட்டும் என்று புதியதைப் பொருத்தினேன். காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. புதுப் பிராசசரை அடையாளம் காண, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸும் புதிதாக இருக்க வேண்டும், நாலு வருடமாக அதை அப்டேட் செய்யவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்டேட் செய்யப் பழைய 2600 வேண்டும், அதுவோ பின் வளைந்து கிடக்கிறது.

பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பென் பென்சில் ஒன்றை எடுத்து, லெட்டை உருவிவிட்டு, அதன் கூர்க்குழாயை ஒவ்வொரு பின்னிலும் செருகி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. 2600 திரும்ப உயிர்பெற்றது. பயாஸ் பாதி ஏறியிருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் இருந்ததால் பிழைத்தேன்.

பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகி எடுத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்திருந்தாலும் தப்பித்திருப்பேன். பிராசசரே இல்லாமல் பென்டிரைவ் வழியாக அப்டேட் செய்துவிடலாம். பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் விளக்கு அலங்காரத்தை விட எனக்கு அந்தச் சின்னப் பட்டன் பெரிது.

நம் மலைக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். லென்ஸில் பூஞ்சை வருகிற ஊரில் போர்டு மட்டும் தப்புமா? இரண்டு முறை திரை வராமல் போய், ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்த பிறகுதான் வந்தது. பின்பக்க யூஎஸ்பி ஓட்டைகளின் தகரத்தில் துரு பூத்திருக்கிறது. கம்ப்யூட்டர் தேதி தானாக 2019க்குப் போனால் பதறாதீர்கள், போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரியை மாற்றினால் போதும். மழை மாதங்களில் வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன். அந்தச் சூடே ஈரத்தை விரட்டிவிடுகிறது.

மற்றபடி நாலு ராம் ஸ்லாட் இருந்தது நல்லதாயிற்று. ஆனால் நாலையும் நிரப்பியதும் 3200 வேகம் நிற்கவில்லை, 2933க்கு இறக்கினேன். கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் இணையும் பிசிஐஇ வழி பழைய 3.0 மட்டுமே என்பது குறையாகத் தெரியவில்லை. விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸிலேயே இருந்தது.

இன்று வாங்கினால் ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5தான் என் தேர்வு. 2022இல் வந்த சாக்கெட், குறைந்தது 2027 வரை ஆதரவு என்று சொல்லியிருக்கிறார்கள். டிடிஆர்5 வகை ராமை மட்டுமே ஏற்கும் என்பதால் பழைய ராம் உதவாது. பின்கள் இப்போது போர்டின் பக்கம் போய்விட்டன. வளைந்தால் போர்டோடு போச்சு, வாரண்டியில் பொதுவாக அதை ஏற்பதில்லை. இன்டெல்லின் 1700 சாக்கெட் மூன்று தலைமுறை பார்த்துவிட்டு, 2024இல் 1851க்கு வழிவிட்டது.

அந்த 2600ஐ மச்சான் பையனுக்கு ஒரு பழைய போர்டில் போட்டுக் கொடுத்தேன். ஒரு பின் இன்னும் லேசாகச் சாய்ந்துதான் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.