16எஸ் சீக்வன்சிங்: விலை குறைஞ்சிருச்சு, என் எரிச்சல் குறையல

கந்தப்பளையில இருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணே, சீக்வன்சிங் விலை இறங்கிருச்சாமே, என் பிடி ஐசொலேட் எல்லாத்தையும் 16எஸ்சுக்கு அனுப்பிறவா?" பிடின்னா புழுவக் கொல்ற பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ்ங்கிற பக்டீரியா, ஐசொலேட்னா மண்ணுல இருந்து தனியா பிரிச்சு வளத்தது, 16எஸ்னா பக்டீரியா எதுன்னு கண்டுபிடிக்க எழுத்து எழுத்தா வாசிக்கிற (அதான் சீக்வன்சிங்) ஒரு ஜீன். வொய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா முடியிற கதையா இல்ல, அதான் இங்கயே எழுதிர்றேன், அவன மாதிரி இன்னும் நாலு பேரு இருப்பாங்க.

நான் வருஷக்கணக்கா இலங்கையில நுவரெலியா, ராகலை, வெலிமடைப் பக்கம் கோவா (முட்டைக்கோஸ்) தோட்டத்து மண்ணுல பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் தேடுற ஆளு. 2021ல ரசாயன பூச்சி மருந்து இறக்குமதிய நிப்பாட்டினாங்களே, அதுக்கப்புறம் கோவாப் புழுவுக்கு பிடி அடிக்கலாமான்னு கேக்குற விவசாயிங்க கூடிட்டாங்க, எங்க வேலையும் கூடிருச்சு. மண்ண 80 டிகிரியில சூடு காட்டி, ஸ்போர் (சூடு தாங்குற வித்து) மட்டும் தப்பி வரவச்சு, பிளேட்ல வளக்குறதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அத விட்டுர்றேன்.

முதல்ல நல்லத சொல்லிர்றேன், இல்லாட்டி கோவத்துல மறந்துருவேன். 16எஸ்ங்கிறது ஒரு 1,500 எழுத்து சொச்சம், அத பிளாஸ்ட்ங்கிற ஒப்பிடுற சொப்ட்வெயர்ல போட்டா கொஞ்ச நேரத்துல ஜென்பேங்க்ங்கிற பொது டிஎன்ஏ களஞ்சியத்துல இருக்கிறதோட எல்லாம் ஒப்பிட்டு லிஸ்ட் குடுத்துரும், காசு இல்ல, 1990ல வந்த சாமான் இன்னைக்கும் சிக்னல் ஒரு கோடு இருந்தா போன்லயே ஓடுது. பிளேட்ல வேற ஏதாவது கலந்திருந்தா உடனே காட்டிக் குடுத்துரும். ஒரு தடவ பிடின்னு நெனச்சு வச்சிருந்தது லைசினிபேசிலஸ்னு வந்துச்சு, அந்த வகையிலயும் நுளம்புப் புழுவக் கொல்றது இருக்கு, அது வேற கதை.

இப்ப எரிச்சலுக்கு வாறேன். உண்மையான பிடி ஒன்ன அனுப்புங்க. லிஸ்ட்ல பேசிலஸ் குடும்பத்து சீரியஸ், துரிஞ்ஜியென்சிஸ், ஆந்த்ராசிஸ், டொயோனென்சிஸ், வீட்மானி எல்லாம் வரிசையா நிக்கும், எல்லாத்துக்கும் 99, 100 வீதம் ஒத்துமை. சாப்பாட்டுல விஷமாகுறதும், புழுவக் கொல்றதும், ஆந்த்ராக்ஸ் நோயும் ஒரே லிஸ்ட்ல! புதுசா வந்த பிள்ளைங்க ஆந்த்ராசிஸ் பேரப் பாத்துட்டு கையெல்லாம் கழுவ ஓடுதுங்க. 1991லயே இதுங்களோட 16எஸ் கிட்டத்தட்ட ஒன்னுதான்னு எழுதிட்டாங்க, 2000ல இந்த மூனுமே ஒரே இனந்தான்னு ஒரு குழு வாதம் பண்ணிச்சு. காரணம் லேசு. புழுவக் கொல்ற க்ரை ஜீன் குரோமோசோம்ல இல்ல, பெரும்பாலும் பிளாஸ்மிட்ல (குரோமோசோமுக்கு வெளிய இருக்கிற தனி டிஎன்ஏ வளையத்துல) இருக்கு. ஆந்த்ராக்ஸோட விஷமும் கவசமும் அதே மாதிரி பிஎக்ஸ்ஓ1, பிஎக்ஸ்ஓ2ன்னு ரெண்டு பிளாஸ்மிட்ல. 16எஸ் லயத்து (தோட்டத்து வீட்டு வரிசை) நம்பர சொல்லும், அதுல எந்தக் காம்பரான்னு (அறைன்னு) சொல்லாது. நாங்க காசு கட்டுறது காம்பராவத் தெரிஞ்சிக்க.

இது பத்தாதுன்னு பீக் தொல்லை வேற. சீரியஸ் குடும்பத்துக்கு 16எஸ் ஒரு கொப்பி இல்ல, டைப் ஸ்ட்ரெய்ன்ல (இனத்துக்கு அடையாளமா வச்சிருக்கிற மூல வகையில) மட்டும் 13 இருக்கு, கொப்பிக்குக் கொப்பி ஒன்னு ரெண்டு எழுத்து மாறும். அதனால குரோமட்டோகிராம்ல (எழுத்துக்கு ஒரு பீக்னு வர்ற வரைபடத்துல) ஒரே எடத்துல ரெண்டு பீக் மேலுக்கு மேல நிக்கும், சொப்ட்வெயர் அங்க ரெண்டுல எதுன்னு தெரியலங்கிறதுக்கு வை, டபிள்யூன்னு ஏதாவது போட்டுரும். சாம்பிள் அழுக்குன்னு நெனச்சு திருப்பி அனுப்புறவங்கள நான் பாத்திருக்கேன், பக்டீரியாவே அப்படித்தான்னு யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல. அனுப்புற எடத்துல கேட்டா "ரீட் நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரு வரி. அவங்களும் வேற என்ன சொல்ல.

பிடியா இல்லையான்னு சொல்றது என்னன்னு கேட்டா, சிரிப்பீங்க, மைக்ரோஸ்கோப். நாலஞ்சு நாள் வளத்து, கூமாசி நீலம் போட்டு, ஆயில் லென்ஸ்ல பாத்தா ஸ்போருக்குப் பக்கத்துல வைரம் மாதிரி கிறிஸ்டல் (க்ரை ஜீன் செய்ற புரதம்) கெடக்கும். கெடந்தா பிடி. புழுவுக்கான க்ரை1க்கு பிசிஆர் (ஒரு ஜீனப் பெருக்கிப் பாக்குற சோதனை) போட்டா இன்னும் கொஞ்சம் உறுதி, ஆனா பிசிஆர்ல பேண்ட் (ஜீன் இருக்குன்னு காட்டுற கோடு) வரலங்கிறதுக்காக பிடி இல்லன்னு எழுதிராதீங்க, உங்க பிரைமருக்கு (ஜீனப் போய்ப் பிடிக்கிற சின்ன டிஎன்ஏ துண்டுக்கு) தெரியாத க்ரை எத்தனையோ இருக்கு. இன்னொன்னு, திரும்பத் திரும்ப புது பிளேட்டுக்கு மாத்தும்போது, அதுவும் சூடு கூடுனா, பிளாஸ்மிட் கழண்டு போகும், போச்சுன்னா உங்க பிடி அன்னையில இருந்து சீரியஸ்! அதனால கிறிஸ்டல் பாத்த கையோட கிளிசரோல்ல போட்டு மைனஸ் 80ல வச்சிருங்க. 2022ல கரண்ட் போன காலத்துல அந்த பிரீசர நெனச்சு நெஞ்சு பதறினது எனக்குத்தான் தெரியும்.

எது எதுக்கு சொந்தம்னு காட்டுற உறவு மரம் போடணும்னா 16எஸ் வேணாம், ஜைர்பின்னு இன்னொரு ஜீன், இல்லன்னா ஏழு ஜீன் வச்சு பண்ற எம்எல்எஸ்டிங்கிற முறை. அதுலயும் பிடி எல்லாம் ஒரு கிளையில ஒட்டி நிக்காது, சீரியஸ் நடுவுல அங்கொன்னு இங்கொன்னா செதறிக் கெடக்கும். 2020ல சிலர் துரிஞ்ஜியென்சிஸ்ங்கிறத இனப்பேரா வைக்காம, கிறிஸ்டல் செய்ற எதுக்கும் பின்னால பயோவார்னு (இனத்துக்குள்ள ஒரு வகைன்னு) ஒட்டிக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு அது சரியாத்தான் படுது, ஆனா விவசாயிகிட்ட போய் அப்படி சொல்லிப் பாருங்க.

16எஸ்ச நான் முழுசா திட்ட முடியாம இருக்கிறதுக்கு ஒரே காரணம் எங்க ஊரு குளிருதான். 7 டிகிரியிலயும் வளந்து 43ல படுத்துர்ற வைஹென்ஸ்டெபனென்சிஸ்னு ஒன்ன 1998ல பிரிச்சாங்க, இப்ப மைகொய்டீஸ்ங்கிற இனத்தோட சேத்துட்டாங்க. அந்தக் கூட்டத்துக்கு 16எஸ்ல ஒரு சின்ன அடையாள எழுத்து வரிசை இருக்கு. நுவரெலியா மண்ணுல வேர் மாதிரி பரவுற காலனிங்கள அனுப்பினப்போ அந்த வரிசை பளிச்சுன்னு நின்னுச்சு, அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சம்பளம் வந்தப்போ கூட வந்ததில்ல.

ஆனாலும் 5க்கு 2 தான் குடுப்பேன். இன்னைக்கு வந்த ரிசல்ட்லயும் அதே அஞ்சு பேரு, அதே 100 வீதம்.

தம்பி, எல்லாத்தையும் அனுப்பாத. கிறிஸ்டல் இருக்கிறத முதல்ல பிரிச்சு எடு, அதுல நாலஞ்ச ஜைர்பிக்கு அனுப்பு. சுப்பர்வைசர் 16எஸ் கட்டாயம்னா ரெண்டு பக்க பிரைமரும் சேத்து ஓடர் பண்ணு, ஒரு பக்கம் மட்டும் போட்டா பாதி ஜீன்தான் வரும்.