“கன்வர்ஷன் படை” வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சின்ன உருவங்களை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்குப் படை சேர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மலிவு பொம்மைகளை வெட்டி, ஒட்டி, வண்ணமடித்து “28 மி.மீ., மேசைக்குத் தயார்” என்று முழுப் படையாக விற்கும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தேன். (28 மி.மீ. என்பது ஒரு வீரர் உருவத்தின் ஏறக்குறைய உயரம்.) இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஷெர்மன் டேங்குகள் ஒரு பிரிவு, வீரர்கள் ஏறிச் செல்லும் டைனோசர்கள், பொம்மை ரோபோக்களிலிருந்து செய்த நடை எந்திரங்கள். (ஆமாம், இரண்டாம் உலகப் போரில் டைனோசர். எங்கள் குழுவின் ரசனை அப்படி.) தனியாகச் செய்து தருவதால் முழுத் தொகையும் முன்பணம் என்றார், கட்டினேன். வந்ததில் மேசையில் வைக்கும்படி இருந்தது மிகக் கொஞ்சம். பணமும் திரும்பி வரவில்லை.

பொம்மையிலிருந்து மாடல் செய்வதே மட்டமான வேலை என்று யாராவது ஆரம்பித்துவிடக் கூடாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை விளையாட்டில் வரும் ரஸ்ட் மான்ஸ்டர், புலெட், அவுல்பேர் ஆகிய விசித்திர மிருகங்கள் எல்லாம் அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் மேசையில் வைத்து விளையாடிய மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து பிறந்தவைதான். என் குறை வேறு. பொம்மையை மாடலாக்குவதில் பெரும்பாலான வேலை வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும். சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும், வார்ப்புக் கோடுகளைச் சுரண்ட வேண்டும், திருகுக் குழிகளை எபாக்ஸி புட்டியால் அடைக்க வேண்டும், மூட்டுகளுக்குள் கம்பி செருக வேண்டும், அந்தந்த பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் (வண்ணம் பிடிக்க அடியில் அடிக்கும் பூச்சு) அடிக்க வேண்டும். இதில் எதையும் செய்யாமல் நேராக வண்ணத்தை அடித்தாலும் விளம்பரப் படம் அதே அழகோடுதான் இருக்கும். இந்த ஆள் பிழைப்பது அந்த வசதியில்தான்.

டைனோசர்களிலிருந்து தொடங்குகிறேன். பார்சலைப் பிரித்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் வட்ட வட்டமாகத் தடம். பொதிந்திருந்த குமிழ் உறை வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோலோடு வந்தது. காரணம் புரியக் கொஞ்சம் நேரமானது. அவை மென்மையான பிவிசி பொம்மைகள். பிவிசியை வளையும்படி ஆக்க அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். அதன்மேல் கரைப்பான் கலந்த ஸ்ப்ரேயை அடித்தால் அந்த எண்ணெய் மேலேறி வண்ணத்தோடு கலந்துவிடும், வண்ணம் காயவே காயாது. இப்போதும் விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது. தூசி படிந்து நிறமே மாறத் தொடங்கிவிட்டது. நீரில் கரையும் அக்ரிலிக் பிரைமரைத் தூரிகையால் பூசியிருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வந்திருக்காது. இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

மேலே ஏறியிருந்த வீரர்கள் வேறு ரகம். பை நிறைய மலிவாகக் கிடைக்குமே, ஒரே நிறத்தில் ராணுவப் பொம்மைகள், அவைதான். அவை பெரும்பாலும் பாலிஎதிலீன். அதில் சூப்பர் குளூ பிடிக்காது, மாடல்களை ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமெண்டும் பிடிக்காது. சிமெண்ட் வேலை செய்வது மாடல் கிட்டுகளில் வரும் கெட்டியான பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டவைப்பதால். பாலிஎதிலீன் அதற்குக் கரைவதே இல்லை. கம்பி செருகாமல் வெறும் சூப்பர் குளூவால் சேணத்தில் ஒட்டியிருந்தார்கள். கையில் எடுத்ததும் ஒவ்வொருவராகக் கழன்று விழுந்தார்கள். துப்பாக்கியை லேசாக வளைத்தால் வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. விளம்பரத்தில் என்னவோ “ஹார்டு பிளாஸ்டிக்” என்றுதான் போட்டிருந்தது.

இதைச் சோதிக்க நிபுணர் வேண்டாம், ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். வெட்டிய துண்டு மிதந்தால் அது பாலிஎதிலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக், பிவிசி மூன்றும் மூழ்கும். உள்ளே காற்றுப் புகாத திடத் துண்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கவனம். என் வீரர்கள் எல்லாரும் மிதந்தார்கள்.

அடுத்தது டேங்க். 28 மி.மீ. உருவங்களோடு பெரும்பாலும் 1/56 அளவு (நிஜ வண்டியில் 56-இல் ஒரு பங்கு) வண்டிகளை வைப்பார்கள். ஷெர்மனின் நீளம் சுமார் 5.84 மீட்டர், 1/56-இல் 104 மி.மீ. வரவேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 81 மி.மீ. அதாவது 1/72. பொம்மைக் கம்பெனிகள் பலவும் அளவு விகிதம் பார்த்து வார்ப்பதில்லை, பெட்டிக்குள் அடங்கினால் சரி என்று வார்க்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவர் 1/56 என்று எழுதி விற்றார். சந்தேகம் வரக் கூடாது என்று வேறு ஏதோ பெரிய பொம்மையின் கோபுரத்தை அதன்மேல் மாட்டி, 28 மி.மீ. தளபதியை இடுப்போடு வெட்டி மூடித் துளையில் செருகியிருக்கிறார். பார்த்தால் குளியல் தொட்டியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கிறது. விளம்பரப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எதிலும் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு காலாட்படை வீரன்கூட நிற்கவில்லை.

நடை எந்திரங்கள்தான் ஓரளவு தேறின. ஏபிஎஸ் பொம்மைகள், வண்ணம் நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் உள்ளே பேட்டரியை எடுக்கவில்லை! சுவிட்சின் மேலேயே புட்டியைப் பூசி மூடியிருக்கிறார். நண்பரின் படை முன்னேறும் முக்கியமான கட்டத்தில் ஒன்று சைரன் ஊதிக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டத் தொடங்கியது. எல்லாரும் சிரித்தோம், அது வேறு விஷயம். பிரித்துப் பார்த்தால் இன்னொன்றில் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அது காரப் பொருள், தோலில் பட்டால் எரியும். பட்டன் பேட்டரி என்றால் இன்னும் மோசம். சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். யாரிடம் வாங்கினாலும் பேட்டரி அறை காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.

புகார் சொன்னதும் வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் இவையே வரலாம். முதலில், “தபாலில் ஆனது”. படங்கள் அனுப்பியதும், “கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும்”. 81 மி.மீ. கணக்கைக் காட்டியதும், “அளவு தோராயமானது என்று எல்லாருக்கும் தெரியுமே”. கடைசியாக, “பொம்மைதான் என்று முதலிலேயே சொன்னேனே, ஆர்டருக்குச் செய்ததைத் திரும்ப எடுக்க முடியாது”. போகிற போக்கில் ஒரு யோசனை வேறு: பிசுபிசுப்பை மணல்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி வண்ணம் அடித்துக்கொள்ள வேண்டுமாம். மென்மையான பிவிசி தேய்த்தால் வழவழப்பாகாது, நார் நாராகத்தான் கிளம்பும். அதோடு அவை பழைய பொம்மைகளா புதியவையா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் பொம்மை வண்ணத்தில் ஈயத்தின் வரம்பை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஆகக் குறைத்ததே 2009-இல்தான். எந்தக் காலத்துப் பொம்மை என்று தெரியாமல் உலர்வாகத் தேய்த்து அந்தத் தூசியை மூச்சில் இழுக்கச் சொல்கிறார். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்க்க வேண்டும்.

அவர் அடிக்கடி பெயரை மாற்றிக்கொள்கிறார் போலத் தெரிகிறது, அதனால் பெயரை வைத்துப் பிடிக்க முடியாது. விளம்பரத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். கறுப்புத் துணிப் பின்னணி, எல்லாப் படமும் சற்று மேலிருந்து முன்பக்கமாக எடுத்தது, “ஹார்டு பிளாஸ்டிக், தரமான பிரைமர்” என்ற ஒரே வாசகம். அப்படி ஒன்றைப் பார்த்தால் பணம் கட்டும் முன் இரண்டு படங்கள் கேளுங்கள்: பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தை எடுத்த படம் ஒன்று, நீங்கள் பெயர் சொல்லும் 28 மி.மீ. உருவத்தையும் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்று. எந்த பிளாஸ்டிக், எந்தப் பிரைமர் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையாகச் செய்கிறவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. இன்னொரு நண்பர் போன வாரம் இவரிடமே இந்த இரண்டு படங்களையும் கேட்டார். “ஆர்டர் அதிகம், நேரமில்லை” என்று பதில் வந்ததாம்.