12 எம்எம் நைலான் டாக் லைன், ஒரு வருஷம் கட்டிப் பாத்துட்டு சொல்றேன்

மூணு பேர் சேந்து வாங்குன 27 அடி பழைய பாய்மரப் படகு எங்களோடது, சிங்கப்பூர்ல ஒரு மெரினாவுல, அதான் படகு நிறுத்துற துறையில, நிக்குது. அதைக் கட்டுற டாக் லைனா மூணு புரி நைலான் கயிறு நாலு வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, ஒரு முனையில கண், அதான் மாட்டுற வளையம், பின்னியே வருது. நல்ல சாமான்தான், குறையும் இருக்கு.

முன்னாடி ஹார்டுவேர் கடை நீலக் கயிறுதான், தண்ணியில மிதக்குமே அந்த பாலிப்ரொப்பிலீன், சீப்பா கெடைக்குதுன்னு போட்டு வெச்சிருந்தோம். வெயில் பட்டு பட்டு நொறுங்கி, தொட்டாலே கையில சிலும்பு ஏறும். ஒரு நாள் விடியக்காலை சுமாத்ரா காத்து, அந்தத் திடீர் சூறக்காத்து, அடிச்சுது பாருங்க, போய்ப் பாத்தா பின்பக்கக் கயிறு அறுந்து படகு திரும்பி பாண்டூன்ல, அதான் படகு கட்டுற மேடையில, உரசி ஒரு கை நீளத்துக்குக் கீறல்.

நைலான் இழுத்தா நீளும், விஷயமே அதுதான். அலை தூக்குறப்போ டொக்கு டொக்குன்னு க்ளீட்டை, அதான் கயிறு சுத்திக் கட்டுற கொம்பை, புடுங்காம விட்டுக் குடுத்து இழுக்குது. போன மே மாசம் அதே மாதிரி காத்துல நான் உள்ளயேதான் இருந்தேன், கயிறு முனகுற சத்தம், டீ கொட்டிப்போச்சு, ஆனா க்ளீட் அசையல.

ஆனா முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு மட்டும் கட்டிட்டு கயிறைத் திட்டாதீங்க, படகு முன்னும் பின்னும் போய்க்கிட்டேதான் இருக்கும். ஸ்பிரிங் லைன் ரெண்டு வேணும், அணியத்துலேந்து, அதான் படகோட முன்முனையிலேந்து, பின்னாடி பாத்து ஒண்ணு, பின்னாலேந்து முன்னாடி பாத்து ஒண்ணு, அதான் நாலு கயிறு. க்ளீட்ல ஒரு முழு சுத்து, எட்டு மாதிரி ஒண்ணு, கடைசில ஒரு லாக், போதும். பக்கத்து பெர்த் அண்ணன் பத்து சுத்து சுத்துவாரு, அவசரத்துல அவராலயே அவுக்க முடியாது. எங்களுது மிதக்குற பாண்டூன், தண்ணியோட சேந்து ஏறி இறங்கிடும், நிலையான ஜெட்டில கட்டுறவங்க ஏத்த இறக்கத்துக்குத் தக்கன நீளமா வாங்குங்க.

குறைன்னா, கண் சின்னது, பாண்டூன் க்ளீட்ல நுழையவே இல்ல, படகுப் பக்கம் மாட்டிக்கிட்டோம். உப்பு ஏறி விறைச்சுக்கும், நல்ல தண்ணியில ஊறப்போட்டா இளகிடும். இன்னொண்ணு, படகு விளிம்புல உரசுற எடத்துல நாலே மாசத்துல பஞ்சு மாதிரி பிரிய ஆரம்பிச்சுது, பழைய ஃபயர் ஹோஸ்ல அரை மீட்டர் வெட்டி உறை மாதிரி மாட்டினேன், அப்புறம் அப்படியே நின்னுது. இதை அவங்களே சேத்துக் குடுத்திருக்கலாம்.

அடுத்தது 16 எம்எம் வாங்கலாமான்னு கூட்டாளி கேக்குறான். வேணாம்னுட்டேன், ரொம்பத் தடிச்சா இந்த எடைக்கு அது நீளவே நீளாது.