ரூபி 3: சப்கிளாஸ் விஷயத்தில் திருப்தி, டு_ஏரி விஷயத்தில் இல்லை

உதிரிபாகக் கடைகளுக்கு ரூபி என்ற நிரல்மொழியில் பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். பாக எண்ணுக்கென்றே ஸ்ட்ரிங்கிலிருந்து (எழுத்துச்சரம்) ஒரு சப்கிளாஸ் (அதை அடிப்படையாக வைத்து நாமே உருவாக்கிய வகை) வைத்திருக்கிறோம். எந்தக் கம்பெனிப் பாகம் என்ற விவரமும் அதற்குள்ளேயே இருக்கும். ரூபி 2.7-இலிருந்து 3-க்கு மாறினால் இந்த மாதிரி இடங்களில்தான் முதலில் கை வைக்க வேண்டியிருக்கும். பாக எண்ணை ஸ்ட்ரிப் செய்தால், அதாவது முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கினால், பழைய ரூபி சப்கிளாஸையே தந்தது. 2020 டிசம்பர் 25-இல் வந்த 3.0 வெறும் ஸ்ட்ரிங் தருகிறது. அப்கேஸ், ஜிசப், ஸ்ப்ளிட் போன்ற மெத்தடுகளும் (பொருளின் மீது அழைக்கும் செயல்கள்) அப்படித்தான். அரேயில் (பட்டியல்) டேக், டிராப், யூனிக், ஃபிளாட்டன் போன்றவையும் இந்த வழிக்கு வந்துவிட்டன.

எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. பழைய ரூபி சப்கிளாஸைத் தந்ததே தவிர, பொருள் உருவாகும்போது விவரங்களை நிரப்பும் அதன் இனிஷியலைஸை அழைத்ததில்லை. ஸ்ட்ரிப் ஆகி வந்த பாக எண்ணிடம் கம்பெனியைக் கேட்டால் நில் (ஒன்றுமில்லை) என்று வரும். பெயரளவில் சப்கிளாஸ், உள்ளே காலி. ஒரு ஒழுங்கும் கிடையாது: பெருக்கல் குறி போட்டால் சப்கிளாஸ், கூட்டல் குறி போட்டால் ஸ்ட்ரிங். சப்கிளாஸை உருவாக்க என்னென்ன வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத்தான் தெரியும். அவர் கேட்காதபோது மொழி அதைச் செய்யக் கூடாது.

சப்கிளாஸே திரும்ப வர வேண்டுமென்றால் அந்த மெத்தடை நாமே எழுதிக்கொள்ளலாம். ரூபியில் இணையதளம் எழுத உதவும் ரெயில்ஸில் உள்ள சேஃப்பஃபர் என்ற ஸ்ட்ரிங் சப்கிளாஸ் நல்ல உதாரணம். சாதாரண ஸ்ட்ரிங் சப்கிளாஸில் டு_எஸ் (ஸ்ட்ரிங்காக மாற்றும் மெத்தட்) அழைத்தால் ஸ்ட்ரிங்தான் வரும்; சேஃப்பஃபர் அதை மாற்றி எழுதித் தன்னையே தருகிறது. இல்லாவிட்டால் பாதுகாப்பானது என்று குறித்து வைத்த எச்டிஎம்எல் அந்தக் குறியை இழந்துவிடும்.

குறை சொல்ல வேண்டியது ஒரு வகையை இன்னொன்றாக மாற்றும் மெத்தடுகளைப் பற்றித்தான். அரே சப்கிளாஸில் டு_ஏ அழைத்தால் புது அரே. டு_ஏரி அழைத்தால் அதே சப்கிளாஸ். ஹாஷிலும் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) டு_ஹெச் ஹாஷாக மாற்றும், டு_ஹாஷ் தன்னையே தரும். சரி, அதுதான் விதி என்று நினைத்தால், ஸ்ட்ரிங்கில் டு_எஸ், டு_எஸ்டிஆர் இரண்டுமே ஸ்ட்ரிங்காக மாற்றிவிடுகின்றன. அரே(பொருள்) என்று பெரிய எழுத்தில் தொடங்கும் மெத்தடும் சப்கிளாஸைத் தொடாமல் திருப்பித் தருகிறது. 3.0-இலேயே இதையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

2.7-க்கான ஆதரவு 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, ஆகவே தயங்காமல் மாறுங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஸ்ட்ரிப் வரி பிழை காட்டாது, பத்து வரி தள்ளி ஸ்ட்ரிங்கில் இல்லாத மெத்தடை அழைக்கும்போதுதான் நோமெத்தட்எரர் வரும். ஸ்ட்ரிங், அரே, ஹாஷ் இவற்றின் சப்கிளாஸ்களை முதலில் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் எழுதிவிட்டு மாறுங்கள்.