செலஸ்ட்ரான் அல்டிமா 65: குறைந்த செலவில் டிஜிஸ்கோப்பிங் தொடங்க நினைப்பவர்களுக்கு

பறவைப் படம் எடுக்க ஆசை இருக்கிறது, கேமராவும் 150-600 லென்ஸும் சேர்த்து வாங்கினால் லட்சத்தைத் தாண்டிவிடும், அவ்வளவுக்கு வழியில்லை, என்ன செய்யலாம் என்று ஏரிக்கரையில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறார். எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கையில் இருக்கிற போனை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நடுத்தர ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) உறுதியான முக்காலியும் வாங்குங்கள், போனை ஸ்கோப்பில் மாட்ட ஒரு அடாப்டர் போதும். அப்படி நான் வாங்கிப் பயன்படுத்தி வருவது செலஸ்ட்ரான் அல்டிமா 65. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேடந்தாங்கல் என்று சென்னையைச் சுற்றி இதைத் தூக்கிக்கொண்டு திரிந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இப்படி ஸ்கோப் வழியாகப் படம் எடுப்பதைத்தான் டிஜிஸ்கோப்பிங் என்கிறார்கள், இது புதிய வித்தை இல்லை. மலேசியாவைச் சேர்ந்த பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ 1999-இல் லைக்கா ஸ்கோப்பின் கண்வில்லையில் நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவை வைத்து எடுத்துக் காட்டிய படங்களைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க இது பரவியது. அந்தக் கேமரா 2 மெகாபிக்சல்தான். இன்று பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல். அதனால் போன் போதுமா என்று கவலைப்பட வேண்டாம், போதும். கவலைப்பட வேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பற்றியும், கீழே இருக்கும் மூன்று கால்களைப் பற்றியும்தான்.

சரி, ஸ்கோப்புக்கு வருவோம். முன் கண்ணாடி 65 மி.மீ., உருப்பெருக்கம் 18-இலிருந்து 55 மடங்கு வரை, கண்வில்லை 45 டிகிரி சாய்ந்து இருக்கும், எடை ஏறக்குறைய ஒரு கிலோ, தண்ணீர் புகாது. சாய்ந்த கண்வில்லை எதற்கு என்று ஆரம்பத்தில் எல்லோரும் கேட்பார்கள், நேராக இருப்பதுதானே பறவையைப் பிடிக்கச் சுலபம் என்று. பைனாகுலரில் பழகியவருக்கு முதல் சில நாட்கள் தடுமாறும், உண்மைதான். ஆனால் போனை மாட்டிய பிறகு திரை உங்கள் முகத்தைப் பார்த்தபடி சாய்ந்து நிற்கும், குனிய வேண்டாம், முக்காலியை உயரமாக இழுக்கவும் வேண்டாம், முக்காலி தாழ இருந்தால் ஆட்டமும் குறையும். கூட வந்த பிள்ளைகளும் எக்காமல் பார்க்கலாம்.

படம் எப்படி இருக்கிறது என்றால், 18-இலிருந்து சுமார் 30 மடங்கு வரை மனநிறைவாக இருக்கிறது. பெரும்பாக்கத்தில் சாலையோரம் நின்று, நல்ல தூரத்தில் சேற்றில் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்த கொசு உள்ளான் கூட்டத்தில் ஸ்கோப்பை நிறுத்தினால், ஒவ்வொன்றின் கால் நிறமும் தெரிகிறது. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதன் நெருங்கிய சொந்தமான டெமிங்க் கொசு உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பசுமை. பைனாகுலரில் இரண்டும் பொடிப்பொடியாக ஓடும் சாம்பல் புள்ளிகள்தான். போன் திரையில் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தால், காலில் ஒட்டிய சேறு எது, காலின் நிறம் எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஸ்கோப்புக்குக் கொடுத்த காசு எனக்கு அங்கேயே வசூலாகிவிட்டது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இ-பேர்டு (பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) பட்டியல் போடுகிறவர்களுக்கு, சந்தேகமான பறவைக்கு இப்படி ஒரு படத்தைச் சேர்த்துவிட்டால் சரிபார்ப்பவருக்கும் வேலை எளிது. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள், அந்த மாதிரி காலில் கொடியோ வளையமோ உள்ள ஒரு பறவை உங்கள் ஏரியில் வந்து நின்றால், அதை விரட்டாமல் எழுத்தைப் படிக்க ஸ்கோப்பை விட்டால் வேறு நல்ல கருவி கிடையாது.

இப்போது 55 மடங்கைப் பற்றி. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் எண் அதுதான், வாங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதும் அதுதான், படம் எடுக்க மிகக் குறைவாக உதவுவதும் அதுதான். கணக்கு எளிது. முன் கண்ணாடியின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்வில்லையிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 18 மடங்கில் 3.6 மி.மீ., 55 மடங்கில் 1.2 மி.மீ. போன் கேமராவின் துளை பெரும்பாலும் 3 மி.மீ. அளவு. ஆக 18-இல் அந்தத் துளை முழுக்க நிறைகிறது, 55-இல் ஆறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகிறது. போன் அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றும், ஷட்டரைத் தாமதமாக்கும், படம் மணல் தூவிய மாதிரி ஆகிவிடும். மேகமூட்டமான மார்கழிக் காலையில் இது அப்பட்டமாகத் தெரியும். இது இந்த ஒரு மாடலின் குறை இல்லை, 65 மி.மீ. ஸ்கோப் எதை எடுத்தாலும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். சாதாரண போன் கேமராவின் 26 மி.மீ. லென்ஸை 18 மடங்கில் வைத்தாலே 468 மி.மீ. டெலிலென்ஸுக்குச் சமம். அதுவே பெரிய விஷயம். அங்கே எடுத்துவிட்டு வீட்டில் வந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

ஈடி கண்ணாடி (நிறங்கள் பிரிந்து ஓரத்தில் சிதறுவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) இல்லாத ஸ்கோப் என்பதால் வெளிறிய வானத்துக்கு எதிரே கொக்கோ நாரையோ நின்றால் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். வேடந்தாங்கலில் மரத்து உச்சியில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இப்படி வரும், அதே நாரை கீழே இறங்கிப் பச்சை இலைகளுக்கு முன்னால் நின்றால் கோடு காணாமல் போகும். பின்புலத்தைப் பார்த்து நிற்கும் இடத்தைத் தேர்ந்துகொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஊதாக் கோடே வேண்டாம் என்பவர்கள் ஈடி கண்ணாடிக்குப் போக வேண்டும், அப்புறம் இந்தப் பட்ஜெட்டில் பேச முடியாது.

முக்காலியைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். மொத்தம் 25,000 ரூபாய் ஒதுக்கினால் அதில் கால்வாசியாவது முக்காலிக்குப் போக வேண்டும். சில ஸ்கோப்புகளோடு இலவசமாகத் தரும் மேசை முக்காலியும், ஆன்லைனில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அலுமினியக் குச்சியும் இதற்கு உதவாது. காற்று அடித்தால் ஆடும், விரல் பட்டால் ஆடும், 30 மடங்கில் அந்த ஆட்டமும் 30 மடங்கு. வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட் (வெட்டி இழுக்காமல் வழுக்கித் திரும்பும் தலைப்பகுதி) உள்ள முக்காலி வாங்குங்கள், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக நகர்த்தினால் நடந்துபோகும் பறவையோடு கூடவே போகலாம். பால் ஹெட் (உருண்டை மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் தலைப்பகுதி) வேண்டாம், ஸ்கோப்பின் கனம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் தோள்பையைத் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக உட்காரும். கண்காணிப்புக் கோபுரத்தில் ஆட்கள் ஏறி இறங்கும்போது எந்த முக்காலி வைத்தாலும் ஆடத்தான் செய்யும், கரையில் மண்தரையில் நில்லுங்கள்.

அடாப்டர்தான் இந்த விஷயத்தில் எரிச்சலூட்டும் பகுதி. நான் முதலில் ஆன்லைனில் வாங்கிய பெயர் தெரியாத ஒன்றில், வெயில் ஏற ஏற ரப்பர் பிடி இளகி, போன் மெல்லக் கீழே சரியும். மாற்றிய பிறகு நிம்மதி. வாங்கும் முன் ஒரு ஸ்கேலை வைத்துக் கண்வில்லையின் வெளிவிட்டத்தை அளந்து, அது அடாப்டர் பிடிக்கும் அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஜூம் செய்யும்போது கண்வில்லையின் எந்தப் பகுதி சுழல்கிறது என்பதையும் கவனியுங்கள், சுழலும் வளையத்தைப் பிடித்துவிட்டால் ஜூமைத் திருப்பும்போதெல்லாம் போனும் சேர்ந்து சுற்றும். கண்வில்லையின் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேமரா தள்ளிப்போய் படத்தில் கறுப்பு வட்டம் பெரிதாகும். அந்த வட்டம் கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், போனில் ஒன்றரை மடங்கு ஜூம் செய்தால் மறைந்துவிடும்.

இரண்டு மூன்று கேமரா உள்ள போன்களில் இன்னொரு தொல்லை. நீங்கள் முக்கிய கேமராவைக் கண்வில்லைக்கு நேராக வைத்திருப்பீர்கள், வெளிச்சம் குறைந்ததும் அல்லது ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து போன் தானாக வேறு கேமராவுக்குத் தாவும், திரை இருண்டுவிடும். போனில் புரோ மோடு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஓபன் கேமரா என்ற இலவச ஆப் ஆண்ட்ராய்டில் கிடைக்கிறது, அதில் பல போன்களில் எந்தக் கேமரா என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். முதலில் ஸ்கோப்பின் ஃபோகஸ் வளையத்தில் பறவையின் கண்ணைத் தெளிவாக்கி, பிறகு திரையில் பறவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். வெள்ளைக் கொக்குக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் இறகின் மடிப்புகள் தெரியும். படம் எடுக்கத் திரையைத் தொடாதீர்கள். நூறு இருநூறு ரூபாய் ப்ளூடூத் ரிமோட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் இல்லையென்றால் 2 விநாடி டைமர் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வீடியோ. தாமரை இலை மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி ஒவ்வொரு அடிக்கும் அந்த நீண்ட விரல்களை மடக்கி எடுத்து, விரித்து வைக்கும். நாம் அருகில் போகாததால் அது தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 4கே-யில் எடுத்தால் அதிலிருந்து ஒரு நல்ல ஃபிரேமைப் பிரித்துப் படமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பறக்கும் பறவைக்கு இது வேண்டாம். பஞ்சுருட்டான் பூச்சியைத் துரத்திப் பாய்வதை இதில் பிடிக்கவே முடியாது, கிளைக்குத் திரும்பி உட்காரும்வரை காத்திருக்கலாம். புதருக்குள் தாவும் கதிர்க்குருவி, தையல்சிட்டு வகைகளுக்கும் சரிப்படாது, ஸ்கோப்பைத் திருப்புவதற்குள் போய்விடும். ஏரி, சதுப்பு, உப்பளம், கடற்கரை என்று திறந்த இடத்தில் நின்று மேயும் பறவைகளுக்குத்தான் இது. அங்கேயும் காலை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் எழும்பத் தொடங்கினால் தூரத்துப் பறவையெல்லாம் கொதிநீருக்குள் நிற்பது போல நெளியும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கோப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடியலில் போய், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள்.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் இருப்பவர்கள் ஸ்கோப்பை அதன் துணிப்பையிலேயே பீரோவில் போட்டு வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், டப்பா வாங்கப் பெரிய செலவு ஆகாது.

இதே வரிசையில் 80 மி.மீ., 100 மி.மீ. மாடல்களும் இருக்கின்றன, அதை வாங்கலாமா என்று கேட்டால், காரில் போய் ஒரே இடத்தில் நிற்பவர் 80 எடுக்கலாம், மங்கிய வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும். பஸ்ஸிலோ பைக்கிலோ போய், கரை நீளம் முழுக்க நடந்து பார்ப்பவர்களுக்கு 65-தான். மிச்சமாகும் பணத்தை முக்காலியில் போடுங்கள்.