கெட்ட வார்த்தைக்கு வடிகட்டி: செயலியா, பதிப்பா, பக்கத்தில் ஓர் ஆளா?

ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் திருக்குறளில் 'மானம்' அதிகாரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் குரல் தாழ்ந்தது. 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா.' அந்த வரி வந்தால் வகுப்பில் பையன்கள் சிரிக்கிறார்களாம். "முடின்னு மாத்திச் சொல்லிடவாப்பா?" என்றாள். சொல்லிப் பார்த்தோம். 'முடிநீப்பின்' என்றதுமே அடுத்த அடியின் 'உயிர்நீப்பர்' ஜோடி இல்லாமல் நின்றது. எதுகை காலி.

பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் கூச்சமான சொல் வந்தால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். மூன்று வழிகள் தெரிந்தன.

முதலில் செயலி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தம்பதி ஒருவர், பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் வசவு இருந்தது என்று மகள் வந்து சொன்னதால் 'க்ளீன் ரீடர்' என்ற மின்னூல் செயலியை உருவாக்கினார்கள். சுத்தம், கூடுதல் சுத்தம், பளபள சுத்தம் என்று மூன்று நிலைகள் வைத்திருந்தார்கள். கெட்ட வார்த்தை இருக்கும் இடம் மறைந்து ஒரு புள்ளி தெரியும். அதைத் தொட்டால் மாற்றுச் சொல் வரும். 2015 மார்ச்சில் ஜோன் ஹாரிஸ் உள்ளிட்ட எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள், செயலி வழியாகப் புத்தகம் விற்பதும் நின்றுபோனது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: மூல நூலில் அது கைவைக்கவில்லை, திரையில் மட்டும்தான் மறைத்தது. வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

கோளாறு இருந்தது அதன் சொற்பட்டியலில். வசவோடு சேர்த்து உடலுறுப்புகளின் பெயர்களையும் அது மாற்றியது. பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொல்லுக்குப் பதில் 'பின்பக்கம்' என்று பொருள்படும் சொல் வந்தது. பிரசவக் காட்சியை அப்படிப் படிக்கும் பிள்ளை என்னத்தைப் புரிந்துகொள்ளும்?

தமிழில் இந்தப் பட்டியல் வேலை இன்னும் சிக்கல். 'நாய்' செல்லப்பிராணி, 'நாயே' வசவு. ஒரு 'ஏ'தான் வித்தியாசம், அதையும் கொஞ்சிச் சொன்னால் வசவே இல்லை. சனியன் கிரகமா, திட்டா? 'மயிர்' பட்டியலில் ஏறினால் குறள் 964, 969 இரண்டிலும் புள்ளிதான். இன்னொரு பக்கம், பாட்டிமார் சாதாரணமாகச் சொல்லும் 'சண்டாளி' எந்தப் புள்ளியிலும் சிக்காது. அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டில் நான் அதிகம் கவலைப்பட்டது இந்தச் சொல்லுக்குத்தான், மயிருக்கு அல்ல.

அடுத்தது, பதிப்பாளரே வெட்டித் தருவது. இதன் பிதாமகன்கள் இங்கிலாந்தின் பௌட்லர் குடும்பத்தினர். 1807இல் ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களைக் 'குடும்பத்துக்கு ஏற்றபடி' வெட்டி, பெயர் போடாமல் வெளியிட்டார்கள். வெட்டியவர் ஹென்றியெட்டா. 1818இல் அவருடைய தம்பி தாமஸ் பெயரில் பத்துத் தொகுதிகளாகப் பெரிய பதிப்பு வந்தது. லேடி மாக்பெத் கையைத் தேய்த்துக்கொண்டு 'நாசமாய்ப் போன கறையே' என்று கத்துகிற இடத்தில் 'செங்கறையே' என்று வைத்தார்கள். செயலியை விட இது மேல் என்பேன். ஒரு மனிதர் முழு நாடகத்தையும் படித்து, இடம் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். ஆனால் எங்கே வெட்டினார்கள் என்று படிக்கிறவனுக்குத் தெரியாது. புள்ளி கூடக் கிடையாது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கட்டம். தாமஸின் அப்பா மாலைகளில் குடும்பத்துக்கு ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டுவாராம். சங்கடமான இடங்களைத் தடுமாறாமல் தாண்டிவிடுவார், கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதைத்தான் பிள்ளைகள் பின்னால் அச்சில் ஏற்றினார்கள். அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்துத் தாண்டியவர். அச்சுக்கு எட்டு வயதும் ஒன்றுதான், பதினெட்டும் ஒன்றுதான்.

ஆக, மூன்றாவது வழி அந்த அப்பா செய்தது. என் ஓட்டு இதற்கே. நம் இலக்கணமும் இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். இடக்கரடக்கல் என்று பள்ளியில் படித்திருப்போம்: நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது, 'கால் கழுவி வந்தான்' வகை. தொல்காப்பியம் 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே 'மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்' என்கிறது. மறைக்கும்போதும், எல்லோர் வாயிலும் புழங்கிப் பழகிப்போன சொல்லை விலக்க வேண்டியதில்லை. உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் ஆட்டுப் பிழுக்கையும், அதாவது ஆட்டின் சாணமும், ஒன்று. எந்த அவை, எந்தச் சொல் என்று பார்த்துச் செய்கிற வேலை இது. பட்டியல் போட்டால் நடக்காது.

இதிலும் தொல்லை உண்டு. முதலாவது, நேரம். தினமும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். வேலை முடிந்து எட்டரை மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். அப்புறம், பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டால் கூட உட்காரவே விடாது. அந்த வயதில் வெட்டாமல் கொடுத்துவிட்டு, கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருப்பதுதான் முடியும்.

பௌட்லரின் அப்பாவுக்கு இருந்த சாமர்த்தியமும் எனக்கு இல்லை. போன மாதம் ஒரு கரிசல் கதையை வாசித்துக் காட்டும்போது வாய்க்கால் சண்டையில் நாலு வரியைத் தாண்டினேன். "அப்பா, அவ என்னமோ சொன்னதுக்குத்தானே இவன் கம்பை எடுத்தான்? அதை ஏன் விட்டுட்டீங்க?" என்று நிறுத்தினாள். திரும்பிப் போய் வாசித்தேன். அர்த்தம் கேட்டாள், பாதி சொன்னேன். மீதியை மறுநாள் ஆச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். ஆச்சி இன்னும் இரண்டு சேர்த்தே சொல்லியிருக்கிறார்.