பெயரளவுக்கு மூணு பெட்ரூம்: தருமபுரியில் ரெடி வீடு வாங்கப்போகிறவர்களுக்கு

தருமபுரி டவுனைச் சுற்றி, பென்னாகரம் ரோடு, நல்லம்பள்ளி பக்கமெல்லாம் வரிசை வரிசையாக டூப்ளக்ஸ் வீடு கட்டி விற்கிறார்கள். முப்பதுக்கு நாற்பது மனை, முன்னால் கார் நிறுத்த போர்டிகோ, கீழே ஒரு பெட்ரூம், மேலே இரண்டு. வாசலில் "3 பிஹெச்கே, ரெரா பதிவு, முழு வாஸ்து" என்று ஒரு போர்டு (ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்). கிழக்கு பார்த்த அப்படி ஒரு வீட்டை வாங்கித்தான் இப்போது குடியிருக்கிறோம். கம்பி, செங்கல், பூச்சு எதையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. சுவரில் விரிசல்கூட இல்லை. ஆனால் இந்த பிளானைப் போட்டவர் ஒரு குடும்பம் காலையில் எழுந்து குளித்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவுவதை ஒருமுறையாவது மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பில்டர் பெயரை எழுதவில்லை. இதே டிராயிங்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு வேறு ஆட்களும் கட்டுகிறார்கள் என்பதால் பெயர் தெரிந்து பெரிய லாபமும் இல்லை.

ஏமாற்று வேலை, பார்க்க வருபவர்களுக்குக் காட்டுகிற மாதிரி வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. எங்களுக்குக் காட்டிய வீட்டில் உள்கதவு ஒன்றுகூட மாட்டவில்லை. கேட்டதற்கு, "பாலிஷுக்குப் போயிருக்குங்க மேடம்" என்றார் விற்பனைக்கு நின்ற பையன். மூன்றடிக் கதவு உள்ளே திறந்து நிற்க வேண்டிய இடம் அத்தனையும் அப்போது காலித் தரையாகத் தெரியும். கீழ் அறையில் போட்டிருந்த கட்டில் நாலடி அகலம்தான். நம் வீடுகளில் பெரியவர்கள் படுக்கும் கட்டில் ஐந்தடிக்கு ஆறரை. பீரோ வைக்கவே இல்லை, அந்த இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. பிரோஷரிலும் இதே வேலைதான். வரைந்திருக்கும் சோபாவும் கட்டிலும் அறையின் அளவுக்குப் பொருந்துகிற மாதிரி சுருக்கியவை. "10க்கு 11" என்று போட்டிருந்த அறையை இப்போது சுவருக்குச் சுவர் டேப் வைத்து அளந்தால் 9க்கு 10 சொச்சம் வருகிறது. சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவரைக்கும் அளந்த அளவு அது என்று பிறகு விளக்கம் தந்தார்கள். சுவருக்குள் யார் படுப்பது?

அந்த அறை என் மாமியாருக்கு. அத்தைக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே பெட்ரூம் இருக்கிறது என்பதற்காகவேதான் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஐந்தடிக் கட்டிலைப் போட்டால் பக்கத்தில் நாலடி மிஞ்சும். அதில் பீரோ ஒன்றரை அடி. பீரோ கதவைத் திறந்தால் நிற்க இருப்பது ஓரடி. கால்மாட்டில் மூன்றரை அடி இருக்கிறது, ஆனால் அறைக் கதவு திறப்பது அங்கேதான். சுவிட்ச் போர்டு அந்தக் கதவுக்குப் பின்னால். ராத்திரி லைட் போட வேண்டுமென்றால் உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தி, இருட்டில் துழாவ வேண்டும்.

கீழே இருக்கிற ஒரே பாத்ரூம் மாடிப்படிக்கு அடியில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அசல் தில்லுமுல்லு இங்கேதான் நடந்திருக்கிறது. உள்ளளவு மூன்றரைக்கு ஆறு, அதாவது 21 சதுர அடி. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. உட்காரும் இடத்துக்கு மேலே படிக்கட்டின் சரிவு இறங்குவதால் என் வீட்டுக்காரர் எழும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்கிறார். கதவு உள்பக்கம் திறக்கிறது. வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கதவுக்கு நேர் எதிரே சாப்பாட்டு மேசை. விருந்தாளி வந்தால் அத்தை பாத்ரூம் போகவே கூச்சப்படுகிறார்.

பேங்க் லோன் ஃபைலில் இருந்த அனுமதி வரைபடத்தின் நகல் கைக்கு வந்ததும் விஷயம் புரிந்தது. அதில் மாடிப்படிக்கு அடியில் "ஸ்டோர்" என்று இருக்கிறது. பாத்ரூம் வீட்டின் பின்பக்கம், அத்தை அறையை ஒட்டி, வெளிச்சுவரில் சன்னலோடு. கட்டும்போது அதைத் தூக்கிப் படிக்கு அடியில் வைத்துவிட்டு, மிச்சமான இடத்தை ஹாலோடு சேர்த்திருக்கிறார்கள். சைட் இன்ஜினியரிடம் கேட்டேன். "ஹால் நீளமா இருந்தாத்தான் மேடம் பார்க்க வர்றவங்களுக்குப் பிடிக்குது" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. எல்லா வீடும் ஒரே அச்சு என்பதால் தெற்கு வீட்டின் படிக்கடிப் பாத்ரூம் வென்டிலேட்டர் எங்கள் சமையலறைச் சன்னலுக்குக் கிட்டத்தட்ட நேர் எதிரே வருகிறது. எங்களுடையது வடக்கு வீட்டுச் சமையலறையைப் பார்க்கிறது. இப்படியே வரிசை முழுக்க.

சமையலறைக்கு வருவோம். கிழக்கு பார்த்த வீட்டில், வாஸ்து சமையலறைக்குச் சொல்கிற அக்னி மூலை (தென்கிழக்கு) என்றால் வீட்டின் முன்பக்கம் வந்துவிடும். கிழக்குச் சுவரில் சன்னல் வைத்திருந்தாலாவது காலை வெளிச்சம் வரும். எலிவேஷனுக்காக, அதாவது முகப்பு அழகுக்காக, அங்கே கல் டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்கள். இருக்கிற ஒரே சன்னல் மேலே சொன்ன தெற்குச் சன்னல். பாத்திரம் கழுவுகிற குழாயும் துவைக்கிற கல்லும் வீட்டின் பின்பக்கம், மேற்கே. எச்சில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முழு ஹாலையும் கடக்க வேண்டும், ஹாலில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. அக்னி மூலை அமையாவிட்டால் வாயு மூலையில் சமையலறை வைக்கலாம் என்று வாஸ்து பார்ப்பவர்களே சொல்கிறார்கள். இந்த வீட்டில் அப்படி வைத்திருந்தால் வடமேற்கில் கழுவும் இடத்துக்குப் பக்கத்திலேயே வந்திருக்கும். ஆனால் போர்டில் "முழு வாஸ்து" என்று போட முடியாது.

அளவு 7க்கு 8. மேடை போக நிற்கிற இடம் ஒருவருக்கு. ஃபிரிட்ஜ் ஹாலில். கிரைண்டர் வைக்க இடமில்லாமல் அத்தை அறை மூலையில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் ராகிக் களி. களிப் பானையை அடுப்பிலிருந்து தரைக்கு இறக்கி, துடுப்பைப் போட்டுக் கிண்ட வேண்டும். இரண்டு கையையும் வீச இடம் இல்லையென்றால் கட்டி கட்டியாகத்தான் வரும். இப்போது போர்டிகோவில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டுகிறோம், தெருவே பார்க்கிறது. பாலக்கோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வருகிற ராகி மூட்டையும் புளியும் வைக்க அந்த "ஸ்டோர்" இருந்திருந்தால் போதும். அதுதான் பாத்ரூமாகிவிட்டதே.

தண்ணீர் விஷயம் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது. நம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல் காவியேறி, எலும்பு வளைந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் திறந்தார்கள். குடிக்கிற தண்ணீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். வீட்டைக் கட்டியவர் போட்டிருப்பது ஒரே ஒரு சம்ப் (தரைக்கடித் தொட்டி). போர் தண்ணீரும் அதில், ஒகேனக்கல் தண்ணீரும் அதில். இரண்டும் கலந்து மேல் டேங்குக்கு ஏறி, அங்கிருந்து கிச்சன் குழாய்க்கு வருகிறது. தனியாக ஒரு சின்னத் தொட்டியும் கிச்சனுக்கு ஒரு தனி லைனும் போட்டிருந்தால் கட்டும்போது ஆகியிருக்கும் செலவு எலிவேஷன் டைல்ஸ் செலவில் ஒரு துண்டுகூட இல்லை. இப்போது போர்டிகோ தரையை உடைத்தால்தான் முடியும். தண்ணீர் விடுகிற நாளில் தெருப் பைப்பிலிருந்து குடத்தில் பிடித்து வைக்கிறோம், புது வீட்டில்.

மாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படி ஒவ்வொன்றும் எட்டு அங்குல (சுமார் 203 மில்லிமீட்டர்) உயரம், ஒன்பது அங்குல (சுமார் 229) மிதி. வீட்டுப் படிக்கு உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 250க்குக் குறையக் கூடாது என்பது அதே விதித் தொகுப்பின் கணக்கு. திருப்பத்தில் கட்டில் திரும்பாததால் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம். மேற்குப் பார்த்த பெட்ரூமில் பெரிய கண்ணாடிச் சன்னல், மேலே சன்ஷேட் கிடையாது. சித்திரை மாதத்தில் அந்த அறை அடுப்பு. மழை வந்தால் சாரல் மெத்தைவரை வரும். வாஷிங் மெஷின் பாயிண்ட்டை மாடிப் பால்கனியில் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் தரையின் வாட்டம் தண்ணீர் போகிற ஓட்டைக்கு எதிர்ப்பக்கம்.

"1,500 சதுர அடி" என்று சொன்னதன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். போர்டிகோ 150, பால்கனி 40, மொட்டைமாடிப் படி மண்டபம் 60, வெளிச்சுவர்களே 160 கிட்டத்தட்ட. எல்லாம் கழித்தால் உள்ளே மிஞ்சுவது 1,090 சொச்சம், அதிலும் படிக்கட்டு போக வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா (உள்ளே நாம் புழங்கக்கூடிய பரப்பு) என்று எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. உள் தடுப்புச் சுவர் சேரும். விலை பேசும்போது யாரும் அந்த வார்த்தையை எடுப்பதில்லை, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ரெரா பதிவு எண் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்தப் பதிவு உங்கள் கிச்சனில் களி கிண்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. சட்டம் கைகொடுக்கும் இடங்கள் வேறு. அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து வாங்குபவரின் சம்மதம் இல்லாமல் மாற்றிக் கட்டக் கூடாது, அது 14ஆவது பிரிவு. அதே பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்தால், சொன்ன 30 நாளுக்குள் அவர்கள் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். ஆகவே பாத்ரூமை இடம் மாற்றியதற்கும் பால்கனி வாட்டத்துக்கும் புகார் கொடுத்திருக்கிறோம். சமையலறை முன்னால் இருப்பதற்கும் சம்ப் ஒன்றாக இருப்பதற்கும் கொடுக்க வழியில்லை, வரைபடத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மோசமான பிளானைக் குறை என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதனால் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால்தான் அதைப் பிடிக்க முடியும்.

பிரோஷரை ஓரமாக வைத்துவிட்டு அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். அதைப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை என்று 19ஆவது பிரிவில் இருக்கிறது. எங்களிடம் "பேங்க்ல இருக்கு, அப்புறம் தர்றோம்" என்று இழுத்ததுபோல இழுத்தால், அந்த இழுப்பே உங்களுக்குப் பதில். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு மாதிரி வீட்டை விடுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்போகிற வீட்டுக்குள் போய் அளந்து பாருங்கள். உங்கள் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் அளவை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போய்த் தரையில் சாக்பீஸால் கோடு போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பெண்களை, முக்கியமாகச் சமைக்கிறவரை, கூட்டிக்கொண்டு போங்கள். எங்களைக் காட்ட அழைத்த அன்று அந்தப் பையன் என் வீட்டுக்காரரிடம் மட்டுமே பேசினார், அதுவும் காரை எப்படி உள்ளே விடுவது என்பதைப் பற்றியே.

எங்கள் வீட்டில் இனி நடக்கப்போவது இது. பின்பக்கம் ஹாலோடு சேர்த்த இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி, வரைபடத்தில் இருந்தபடி பாத்ரூம் கட்டித் தர வேண்டும் என்று புகாரில் கேட்டிருக்கிறோம். செலவில் பாதி நாங்கள் ஏற்றுக்கொண்டால் செய்வதாக பில்டர் வாய்வழியாகச் சொல்கிறார், எழுதிக் கேட்டால் நழுவுகிறார். எழுத்தில் வராதவரை ஒரு செங்கலும் தொடவிடப்போவதில்லை. குடிநீருக்குத் தனித் தொட்டி மட்டும் எங்கள் செலவிலேயே போடுகிறோம், அதற்குக் காத்திருக்க முடியாது. இதே மாதிரி கிழக்கு பார்த்த வரிசை வீட்டில் குடியிருப்பவர்கள் யாராவது, பக்கத்து வீட்டு வென்டிலேட்டரைப் பார்க்கும் சமையலறைச் சன்னலை அடைத்துவிட்டு எலிவேஷன் பக்கம் கல்லை அறுத்துச் சன்னல் திறந்திருந்தால், எவ்வளவு ஆனது, பீம் எதுவும் குறுக்கே வந்ததா என்று சொல்லுங்கள்.